வண்டிக்கு வந்த மண்டையிடி

எங்க ஊர் மண்டைக்காட்டுல குளிர்னு ஒண்ணு கிடையாது. மார்கழி விடியக்காலையில 22, 23 டிகிரி வந்தாலே பெருசுங்க எல்லாம் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு டீக்கடையில உக்காந்து "என்னா குளிரு கேட்டியா"ம்பாங்க. கடல் காத்து, உப்பு, வெயில்.. வருஷம் பூரா இதே சங்கதிதான். அப்படிப்பட்ட ஊர்ல உக்காந்துக்கிட்டு, குளிர்ல ஒரு பைக்கோட ஹேண்டில் ஏன் கிறுக்குத்தனம் பண்ணுதுன்னு நாலு நாள் மண்டையைப் போட்டு உடைச்ச கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பைக் ஓட்டாதவங்களும் படிக்கலாம், ஸ்பேனர் சமாச்சாரத்தை முடிஞ்ச அளவு குறைச்சிருக்கேன் :-)

வண்டி அப்பாவோடது. 150 சி.சி., கம்பெனி பேரு வேண்டாம். ஏன்னா தப்பு கம்பெனி மேல இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி மாசிக்கொடை சமயத்துல அப்பா அதுல இருந்து கீழ விழுந்தாங்க. எங்க பகவதி அம்மன் கோயில் கொடைன்னா தெரியுமில்லையா, பெண்கள் இருமுடி கட்டி வர்ற கோயில். அந்தப் பத்து நாளும் ரோட்டுல வண்டி ஓடாது, நகரும். அந்தக் கூட்டத்துல நடக்குற வேகத்துல போய்க்கிட்டிருந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க. மணிக்கட்டுல எலும்பு விட்டுப் போச்சு. "வண்டி பிடிச்சுது மக்கா, நான் திருப்பினேன், அது திரும்பல"ன்னு அப்பா அன்னைக்கு ஃபோன்ல என்கிட்டச் சொன்னாங்க. நான் பெங்களூர்ல இருந்தேன். ஊர்ல யாரும் அதைக் காதுல வாங்கல. அறுபத்து மூணு வயசு, கண்ணாடி வேற போட்டாச்சு, "இனி ஓட்டாண்டாம்"னு அம்மை சாவியை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னாடி வச்சுட்டாங்க. அப்பாவும் அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல.

பிறகு தம்பிக்கு ஊட்டியில ஒரு பேங்க் கிளையில வேலை கிடைச்சுது. வண்டி அவன் கூடப் போச்சு. போறதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துலயே ஒரு ஒர்க்‌ஷாப்புல விட்டு, விழுந்ததுல கோணின ஹேண்டிலை நேராக்கி, பிரேக் பிடிச்சா முன்னாடி 'டக் டக்'னு கேட்ட சத்தத்துக்கு எதையோ டைட் வச்சுக் குடுத்தாங்க. சத்தம் நின்னுடுச்சு. இந்த 'எதையோ'வை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

டிசம்பர்ல தம்பி கிட்ட இருந்து புகார் ஆரம்பிச்சுது. "அண்ணே, வண்டி ஆடுது."

நம்ம தொழில்ல 'லாகின் ஆகல'ன்னு ஒத்த வரியில டிக்கெட் போடுவாங்க பாருங்க, அந்த ரகம் இது. ஆடுதுன்னா என்ன ஆடுது? ஹேண்டில் மட்டும் கையில அடிக்குதா, இல்ல வண்டி மொத்தமா நெளியுதா? எந்த வேகத்துல? எந்நேரமுமா? ரெண்டு நாள் கேட்டுக் கேட்டு வாங்கினது இதுதான். காலையில ஏழு மணிக்குக் கிளம்புறப்போ மட்டும் வருது. மணிக்கு 10, 20 கிலோமீட்டர் வேகத்துலதான் மோசம். கொண்டை ஊசி வளைவுல இடது பக்கம் சாச்சா ஹேண்டில் கூட வர மாட்டேங்குது, கொஞ்சம் அழுத்தித் தள்ளினா திடீர்னு அதிகமா திரும்பிடுது, அதைச் சரி பண்ணப் போனா அந்தப் பக்கம் விழுது. பாம்பு மாதிரி போகுது. வெயில் ஏறினப்புறம் பரவாயில்ல. ரெண்டு தடவை காலை ஊனித் தப்பிச்சிருக்கான். மூணாவது தடவை எதிர்ல பஸ் வந்தா என்ன ஆகும்ங்கிறதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது.

அங்க அவனுக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் "குளிர்ல டயர் காத்து இறங்கிடும், நிறைய அடி"ன்னாராம். இன்னொருத்தர் "கடலோரத்துப் பையன், மலையில ஓட்டத் தெரியல"ன்னு முடிச்சுட்டார். மூணாவது ஆள் வண்டியைச் சுத்தி வந்து பார்த்துட்டு "சேஸிஸ் வளைஞ்சிருக்கு, வந்த விலைக்குத் தள்ளிடு, நானே எடுத்துக்கிறேன்"னாராம். அந்த 'நானே எடுத்துக்கிறேன்'தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பிச்சு.

பொங்கலுக்கு அவன் அந்த வண்டியிலயே ஊருக்கு வந்தான். 550 கிலோமீட்டருக்கு மேல. மேட்டுப்பாளையம் இறங்கினதுக்கு அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லையாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில காத்து கொஞ்சம் தள்ளினதோட சரி, அது எல்லா வண்டியையும் தள்ளும். நானும் மண்டைக்காடு புதூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். நேரா வச்சா ஹேண்டில் நடுவுல லேசா உக்காருற மாதிரி ஒரு உணர்வு, அவ்வளவுதான். 'என் மெஷின்ல சரியா ஓடுதே'ன்னு டெவலப்பர் சொல்ற கதை! பிழையை நம்ம கண் முன்னாடி வரவழைக்க முடியலைன்னா அதைச் சரி பண்ணிட்டோம்னு சொல்லவும் முடியாது.

முதல்ல டயர் காத்து. எல்லாரும் சொல்றது, அதனால முதல்ல அதை முடிச்சுடுவோம்னு கணக்குப் போட்டேன். நம்ம ஊர்ல 32 டிகிரியில முன் டயர்ல 25 பி.எஸ்.ஐ. அடிக்கிறோம். கேஜ் காட்டுறது வெளிக் காத்தழுத்தத்துக்கு மேல எவ்வளவுங்கிறதை. வெளி அழுத்தம் கடல் மட்டத்துல 14.7. ஆக டயருக்குள்ள நிஜ அழுத்தம் 39.7. ஊட்டி காலை 5 டிகிரி. கெல்வின்ல 305-ல இருந்து 278. அந்த விகிதத்துல உள்ளே 36.2 ஆகும். மூணரை பி.எஸ்.ஐ. போச்சு. இதுவரைக்கும் அந்த ஆளு சொன்னது சரி.

ஆனா ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்க வெளிக் காத்தழுத்தமும் சுமார் 11.2 தான். 36.2-ல 11.2 போனா? 25! குளிர் எடுத்துக்கிட்டதை உயரம் திருப்பிக் குடுத்துடுது. இந்தக் கணக்கு வந்தப்போ நான் தனியா உக்காந்து சிரிச்சேன், அம்மை எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க. ஊட்டியிலயே மத்தியானம் 20 டிகிரியில காத்து அடிச்சு மறுநாள் விடியக்காலையில பார்த்தா ரெண்டு பி.எஸ்.ஐ. குறைஞ்சிருக்கும், உண்மைதான். அதுக்காக வண்டி பாம்பா போகாது. தம்பி அந்த ஆள் பேச்சைக் கேட்டு 32 வரைக்கும் ஏத்தியிருந்தான். குளிர்ல ஏற்கனவே விறைச்ச ரப்பர், அதுல காத்தும் கூடினா ரோட்டைத் தொடுற பரப்பும் குறையும். தலைக்குந்தா பக்கம் டிசம்பர், ஜனவரியில புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும். அந்த ரோட்டுல 32 வச்சு ஓட்டுறதெல்லாம் வேண்டாத வேலை. இறக்கச் சொன்னேன்.

அடுத்து சேஸிஸ். கொத்தனார் நூலை வாங்கி, பின் டயரோட ரெண்டு பக்கமும் முன்னாடி வரைக்கும் இழுத்துப் பிடிச்சோம். முன் டயர் நூலுக்கு நடுவுல, ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளியில நின்னுது. செயின் அட்ஜஸ்டர் ரெண்டும் ஒரே கோட்டுல இருந்துச்சு. ஸ்விங் ஆர்ம் புஷ்ல ஆட்டம் இல்ல. ஆக, 'நானே எடுத்துக்கிறேன்' அண்ணாச்சிக்கு வண்டி கிடையாது.

இங்க கொஞ்சம் புத்தகம் புரட்டுவோம். ரெண்டு சக்கர வண்டி எப்படியெல்லாம் ஆடும்னு ராபின் ஷார்ப்னு ஒரு ஆங்கிலேயர் 1971-ல கணக்கு போட்டுக் கட்டுரை எழுதினார். அதுல மூணு வகை. ஹேண்டில் மட்டும் நொடிக்கு ஏழெட்டுத் தடவை படபடன்னு அடிச்சுக்கிறது 'வாபிள்'. மொத்த வண்டியும் நொடிக்கு ரெண்டு மூணு தடவை நெளியுறது 'வீவ்', இது பெரும்பாலும் நல்ல வேகத்துல வரும். மூணாவது, மெதுவா ஒரு பக்கமா சாயுறது. தம்பி சொன்னது முதல் ரெண்டிலயும் சேராது. நடக்குற வேகத்துல, நிதானமா, ஓட்டுறவன் திருத்தத் திருத்த வர்ற ஆட்டம். ரெண்டு சக்கரத்துல போறதே விழுந்து விழுந்து எழும்புறதுதான். வண்டி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் ஹேண்டில் தானா இம்மி திரும்பி நம்மளைத் தூக்கி நிறுத்தும். நமக்குத் தெரியாமலே நடக்கும். அந்த ஹேண்டில் இறுக்கமா இருந்தா அந்தத் திருத்தம் லேட்டா வரும், லேட்டா வர்றது அதிகமாவும் வரும். லாட்ஜுல சுடுதண்ணிக் குழாயைத் திருப்பி, வரலையேன்னு இன்னும் திருப்பி, திடீர்னு முதுகு வெந்து, பதறி மூடி, அப்புறம் பச்சைத் தண்ணியில உறைஞ்சு.. அதே கதைதான்.

ஆக, சந்தேகம் ஸ்டியரிங் தலைக்கு வந்து நின்னுது. ஹேண்டிலும் ஃபோர்க்கும் சேர்ந்து திரும்புறதுக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணா ரெண்டு பேரிங் இருக்கும். மெக்கானிக் பாஷையில 'கோன் செட்'. இந்த வண்டியில சின்னச் சின்ன உருண்டை பால்ஸ், அதைத் தாங்குற கிண்ணம். மெயின் ஸ்டாண்டு போட்டு, தம்பியைப் பின்னாடி உக்கார வச்சு, முன் சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு ஹேண்டிலை ஒத்த விரலால தள்ளினேன். சரியா நடுவுல வந்து 'களுக்'னு ஒரு பள்ளத்துல உக்காருது! அதைத் தாண்டித் தள்ள தனியா ஒரு உந்து வேணும். அந்த லேசான உணர்வு இதுதான்.

பள்ளம் எப்படி வந்துச்சு? வண்டி நூத்துக்குத் தொண்ணூறு நேரம் நேராத்தானே போகுது. உருண்டைகள் அதே இடத்துல நின்னுக்கிட்டு ரோட்டுக் குழியோட அதிர்ச்சியை எல்லாம் வாங்கும். உருளாம நின்ன இடத்துலயே அதிர்ந்தா கிரீஸ் பிதுங்கி வெளிய போயிடும், இரும்பும் இரும்பும் உரசித் தேயும். 1930-கள்ல அமெரிக்காவுல புதுக் காருங்களை ரயில்ல ஏத்தி அனுப்பினப்போ, ஒரு அடி கூட ஓடாத காரோட சக்கர பேரிங்குல பள்ளம் விழுந்து வந்துச்சு. ஆல்மென்னு ஒரு இஞ்சினியர் 1937-ல அதை ஆராய்ஞ்சு எழுதினார். 'பொய் பிரினெல்'னு அதுக்குப் பேரு. பிரினெல் ஸ்வீடன்காரர், உலோகத்துல குண்டை அழுத்திக் கடினம் பாக்குற சோதனையை 1900-ல குடுத்தவர். காலேஜ்ல லேப் ரெக்கார்டுல படம் வரைஞ்சு கையெழுத்து வாங்கினதோட எனக்கு அவர் முடிஞ்சுட்டார்னு நினைச்சேன். வாழ்க்கையில திரும்ப வந்து நிக்கிறார் :-)

ஆனா பள்ளம் இங்கயும் இருக்கு, அங்கயும் இருக்கு. குளிர்ல மட்டும் ஏன்? இரும்பு சுருங்கி இறுகியிருக்குமோன்னு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. 27 டிகிரிக்கு அந்த நீளத்துல ஒரு மயிரிழை சுருங்கும்தான், ஆனா உள்ள இருக்குற தண்டும் இரும்பு, வெளிய இருக்குற குழாயும் இரும்பு. ரெண்டும் சேர்ந்து சுருங்கினா இறுக்கம் மாறாது. மிச்சம் இருக்குறது கிரீஸ்.

இப்போ இதை நிரூபிக்கணும். மண்டைக்காட்டுல ஜனவரி மத்தியானத்துல 5 டிகிரிக்கு எங்க போறது? அப்போதான் என் கூட்டுக்காரன் ஞாபகம் வந்துச்சு. குளச்சல்ல மீன் ஏலம் எடுக்குறவன். ஊர்ல குளிருக்குத்தான் பஞ்சம், ஐஸுக்குப் பஞ்சமே இல்லையே! ஒரு சாக்கு நிறைய உடைச்ச ஐஸும், கொக்கி போட்டுத் தூக்கி எடை பாக்குற ஸ்பிரிங் தராசும் கொண்டு வந்தான். "எதுக்குல, வண்டிக்குக் காய்ச்சலா"ன்னான். எங்க அம்மன் கோயில்ல தலைநோவுக்கு மண்டையப்பம் நேர்ந்து குடுப்பாங்க. அம்மை சீரியஸாவே "அதையும் ஒண்ணு நேந்துக்கோ, மண்டையிலதானே கோளாறு"ன்னாங்க.

முதல்ல ஐஸ் வைக்காம, ஹேண்டில் நுனியில தராசுக் கொக்கியை மாட்டி இழுத்தோம். முக்கால் கிலோவுல அசைஞ்சுது. அப்புறம் டேங்குக்கு முன்னாடி அந்தத் தலைக் குழாயைச் சுத்தி ஐஸ் சாக்கைக் கட்டி முக்கால் மணி நேரம் விட்டோம். கேபிள் எதுலயும் ஐஸ் படாமப் பார்த்துக்கிட்டேன், இல்லைன்னா கேபிள் விறைச்சதா பேரிங் விறைச்சதான்னு தெரியாமப் போகும். இப்போ இழுத்தா.. ஒண்ணரை கிலோ தாண்டியும் அசையல. ரெண்டு கிலோ கிட்டப் போனப்போ 'டபக்'னு பள்ளத்துல இருந்து துள்ளி ஓடுச்சு. தம்பி கத்திட்டான். "இதுதாண்ணே! இதேதான்! இப்படித்தான் துள்ளும்!"

அன்னைக்கு சாயங்காலமே ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டு வீட்டு முத்தத்துலயே பிரிச்சோம். மேல் நட்டு, இருக்க வேண்டியதை விட ரொம்ப இறுகி இருந்துச்சு. 'டக் டக்' சத்தத்துக்கு வச்ச டைட் அதுதான். தேஞ்ச கோன் செட்டை மாத்துறதுக்குப் பதிலா இறுக்கினா சத்தம் போகும், நோய் போகாது. உள்ள கிரீஸ் இல்ல, கிரீஸோட பொணம் இருந்துச்சு. உப்புக் காத்தும் சர்வீஸ் தண்ணியும் ஏறி, துருவும் சேர்ந்து, பழைய சோப்பு மாதிரி பழுப்பு நிறத்துல கட்டியா. நம்ம ஊர் வெக்கையில அது ஓரளவு இளகி இருந்திருக்கு. 5 டிகிரியில மெழுகு. இறுக்கம், பள்ளம், மெழுகு.. மூணுல எது ஒண்ணு இல்லாம இருந்தாலும் ஊட்டியில இந்த அளவுக்கு வந்திருக்காதுன்னு நினைக்கிறேன்.

கீழ்க் கிண்ணத்தைத் துடைச்சு வச்சிருந்தோம். திண்ணையில உக்காந்து பேப்பர் பார்த்துக்கிட்டிருந்த அப்பா எந்திரிச்சு வந்து அதைக் கையில எடுத்தாங்க. சுண்டு விரலை உள்ள விட்டுச் சுத்தினாங்க. வரிசையா குழி. வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பார்த்தாங்க.

"இதத்தான் மக்கா நான் அன்னைக்குச் சொன்னேன். பிடிச்சுதுன்னு."

அம்மை அடுக்களை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. ஒண்ணும் பேசல. மெக்கானிக் அண்ணன்தான், "ஆமா சார், கூட்டத்துல பைய போறப்போ இது நல்லா பிடிக்கும்"னார்.

அப்பா விழுந்ததுக்கு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல என்கிட்ட ஆதாரம் கிடையாது. அப்போ நட்டு இவ்வளவு இறுகவும் இல்ல, குளிரும் இல்ல. கூட்டம் இருந்துச்சு, அவங்களுக்கு வயசும் ஆயிருந்துச்சு. ஆனா பள்ளம் அப்பவே இருந்திருக்கணும், பிரேக்குல கேட்ட சத்தம் அதுக்குச் சாட்சி. மெல்லப் போறப்போ மட்டும் படுத்துற கோளாறு, அவங்க விழுந்தது நடக்குற வேகத்துல. இதுக்கு மேல நான் சொல்லல. அப்பாவும் கேக்கல. அந்தக் கிண்ணத்தை மட்டும் மெக்கானிக் கொண்டு போக விடாம வாங்கி வச்சுக்கிட்டாங்க. இப்போ டிவி மேசையில சில்லறைக் காசு போட்டு வச்சிருக்காங்க.

புது கோன் செட் ஒண்ணும் பெரிய விலை இல்ல. வள்ளத்து இஞ்சினுக்குப் போடுற, உப்புத் தண்ணி தாங்குற கிரீஸை என் கூட்டுக்காரன் ஒரு டப்பா குடுத்தான். அது குளிர்ல எப்படின்னு தெரிய, மாட்டினப்புறம் மறுபடியும் ஐஸ் சாக்கு. வெறுமனே இழுத்தப்போ 300 கிராம், ஐஸ் வச்சப்புறம் 400. களுக்கும் இல்ல, டபக்கும் இல்ல. நட்டை எவ்வளவு முறுக்கணும்னா, முன் சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை முன்னும் பின்னும் இழுத்தா ஆட்டம் இருக்கக் கூடாது, விட்டா ஹேண்டில் தன் கனத்துல தானா ஒரு ஓரத்துக்குச் சாயணும். ரெண்டுக்கும் நடுவுல. கடலோரத்துல வண்டி வச்சிருக்குறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த ஒத்த விரல் சோதனையைப் பண்ணிப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. வண்டியில மீன் வாடை ஒரு வாரம் போகல, தெருப் பூனை எல்லாம் டேங்க் மேல ஏறிப் படுத்துக் கிடந்துச்சு. அது வேற கதை.

வண்டியை நாகர்கோவில்ல இருந்து ரயில் பார்சல்ல ஏத்தி விட்டோம், பின்னாடியே தம்பியும் போனான். பிப்ரவரி முதல் வாரம், காலையில ஏழே கால் மணிக்கு ஃபோன் பண்ணினான். 6 டிகிரியாம். பல்லு தந்தியடிக்கிறது இங்க வரைக்கும் கேட்டுச்சு.

"வண்டி எப்பிடில?"

"பட்டு மாதிரி இருக்குண்ணே. கையை விட்டாலும் நேரா போகுது."

"கையை விட்டுப் பாத்தியால?"

பதிலைக் காணோம். "டவர் இல்லண்ணே, அப்புறம் கூப்பிடுதேன்"னு வச்சுட்டான்.